ஆரோக்கியப்பச்சை: அகத்தியமலைச் செடியும் அழுத்தத்தின் அறிவியலும்

1987 டிசம்பரில் ஓர் ஆய்வுக் குழு திருவனந்தபுரம் மாவட்டத்தின் அகத்தியமலைக் காடுகளில் ஏறியது. பழங்குடியினரின் தாவர அறிவைத் தொகுக்கும் அனைத்திந்தியத் திட்டமொன்றின் பணி அது. தலைமை ஏற்றவர் புஷ்பாங்கதன். ஏற்றத்தில் ஆய்வாளர்கள் களைத்துத் தளர்ந்தனர். வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர் தளரவில்லை. நடந்தபடியே சிறு கனிகளை மென்றுகொண்டிருந்தனர். அது என்ன கனி என்று கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினர். வெளியாருக்குச் சொல்லலாகாத அறிவு அது. பலமுறை வேண்டிய பிறகே மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி ஆகியோர் வழியாக ‘ஆரோக்கியப்பச்சை’ வெளியுலகுக்குத் தெரியவந்தது. தாவரவியலில் அதன் பெயர் ட்ரைக்கோபஸ் ஜெய்லானிக்கஸ்.

இந்நிகழ்வை அழுத்தம் குறித்த ஆய்வின் நெடிய வரலாற்றில் வைத்துப் பார்க்க வேண்டும். 1936இல் ஹான்ஸ் செல்யே, வெவ்வேறு கேடுகளுக்கு உட்பட்ட எலிகளின் உடல் ஒரே விதமாக எதிர்வினை புரிவதைக் காட்டினார்: அட்ரீனல் சுரப்பி பெருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் தோன்றியது. அட்ரீனலுக்கான கட்டளை மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரி வழியாக வருகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. அதைத் தொடங்கிவைக்கும் இயக்குநீரின் கட்டமைப்பை 1981இல் வைலி வேல் குழுவினர் கண்டறிந்தனர். இடைக்காலத்தில் சோவியத் ஆய்வாளர் லாசரெவ், உடலின் தாங்குதிறனைப் பொதுவாக உயர்த்தும் பொருள்களுக்கு ‘அடாப்டோஜென்’ என்று பெயரிட்டார். பிரெக்மன் ஜின்செங் முதலிய செடிகளில் அக்கருத்தை வளர்த்தார். 1988இல் வெளியான கட்டுரை ஆரோக்கியப்பச்சையைக் ‘காணிகளின் ஜின்செங்’ என அழைத்ததன் பின்னணி இதுவே.

ஆய்வகத்தில் இவ்வறிவு எலியின் நீச்சலாக உருமாறியது. இலைச்சாறு உண்ட எலி எவ்வளவு நேரம் நீந்துகிறது என்று அளந்தனர். இங்கே எச்சரிக்கை தேவை. 1977இல் போர்சோல்ட் அறிமுகப்படுத்திய சோதனையிலும் எலி நீரில்தான் விடப்படுகிறது. ஆனால் அங்கே அது அசையாதிருக்கும் நேரம் மனச்சோர்வு மருந்துகளின் ஆற்றலை மதிப்பிட உதவுகிறது. ஒரே நீர், ஒரே விலங்கு. முதலாவது உடற்களைப்பைப் பேசுகிறது, இரண்டாவது மனநிலையைப் பேசுவதாகக் கொள்ளப்படுகிறது. நடத்தையை மட்டும் கண்டு மூளையின் வேதியியலை உறுதிசெய்ய இயலாது. காணிகளின் கூற்றோ எளியது: உண்டால் களைப்பில்லை.

பாலோட்டில் 1979இல் நிறுவப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகப் பின்னர் பொறுப்பேற்ற புஷ்பாங்கதனின் காலத்தில், இச்செடியுடன் அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து ‘ஜீவனி’ உருவாயிற்று. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டு உரிமம் தரப்பட்டது. உரிமக் கட்டணம் ரூ.10 லட்சம், விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்பது நிறுவனத்தின் முடிவு. இந்தியாவின் உயிரியல் பன்மைச் சட்டம் வந்தது 2002இல்தான். சட்டம் கட்டாயப்படுத்தாத காலத்தில் எடுக்கப்பட்ட முடிவு என்பதால் உலகம் இதை முன்மாதிரியாகப் போற்றியது.

மலையில் நிலை அவ்வளவு எளிதாக இல்லை. பணத்தைப் பெறுவதற்கான காணி அறக்கட்டளை 1997 நவம்பரில்தான் பதிவாயிற்று, ரூ.5 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட முதல் தொகை 1999இல் வந்தது. அதற்கு முன்பே ‘பிலாத்தி’ எனப்படும் காணி மருத்துவர்களில் சிலர், தங்கள் அறிவு விற்கப்படுவதை எதிர்த்து முதலமைச்சருக்கு எழுதியிருந்தனர். காட்டிலிருந்து இலையை வெளியே கொண்டுசெல்வதில் வனத்துறை குறுக்கிட்டது. அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற பெயரையே வணிகக்குறியாகப் பதிந்துகொண்டது.

எனவே ஆரோக்கியப்பச்சையின் வரலாறு எழுப்பும் வினா மருந்தியலோடு முடிவதில்லை. சொல்லலாகாது என்று ஒரு சமூகம் காத்த அறிவை, அதில் இருவர் சொன்னதால் முழுச் சமூகமும் இசைந்ததாகக் கொள்ளலாமா? பிலாத்திகள் கேட்டது பங்கின் அளவை அன்று, அந்த இசைவைத்தான். பணத்தைப் பகிரும் வழியை ஒப்பந்தம் கண்டது. அறிவைச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதை அது தொடவில்லை.