லகானைத் தளர்த்தியவர்கள்

குதிரையின் வாயைத் திறந்து பார்த்தால் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே வெறும் ஈறாக ஓர் இடைவெளி தெரியும். மனிதன் கடிவாளத்தின் இரும்பை வைப்பது அங்கேதான். அந்த இடத்தில் எலும்பின் மேல் மெல்லிய ஈறு மட்டுமே இருக்கிறது. இரும்பிலிருந்து சவாரி செய்பவரின் கைக்கு வரும் வாரைத்தான் லகான் என்கிறோம். லகானைச் சுண்டி இழுத்தால் ஈறு நசுங்கும், வலி தாங்காமல் குதிரை நிற்கும். சினிமாவில் கதாநாயகன் வந்து இறங்கும்போது குதிரை வாயைப் பிளந்துகொண்டு முன்னங்கால்களைத் தூக்குமே, அந்தக் கம்பீரத்துக்குள் பெரும்பாலும் இந்த வலிதான் இருக்கிறது!

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று உண்டு. லகான் தொய்ந்து தொங்குகிறது. குதிரை கழுத்தைத் தளர விட்டு, ஒரே சீராக, அவசரமில்லாமல் நடக்கிறது. பார்ப்பவர்கள் கிழட்டுக் குதிரை என்று நினைக்கலாம். ஆனால் ஓர் இளங்குதிரையை இப்படி நடக்க வைப்பது பயிற்சியிலேயே மிகக் கடினமான பாடங்களுள் ஒன்று. குதிரை புல் தின்னும் பிராணி. பயந்தால் ஓடு, யோசிப்பது அப்புறம் என்பதுதான் அதன் இயல்பு. பறக்கும் ஒரு துணி போதும் அது மிரள. வாயில் பிடி எதுவும் இல்லாதபோதும் ஓடாமல் நடக்கிறது என்றால், அதற்குப் பயம் போய்விட்டது என்று பொருள். இந்தப் பயத்தைப் போக்கும் வித்தையை மனிதர்கள் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். பிறகு மறந்தார்கள். மறுபடி கண்டுபிடித்தார்கள். மறுபடியும் மறந்தார்கள்!

எழுதியவர் செனபோன். ஏதென்ஸ்காரர், சாக்ரடீசின் மாணவர். கி.மு. 401இல் பாரசீகத்தின் உள்ளே சிக்கிக்கொண்ட சுமார் பத்தாயிரம் கிரேக்கக் கூலிப்படை வீரர்களைத் தாயகம் திரும்ப நடத்திச் சென்ற தலைவர்களுள் ஒருவர். அந்தப் படையிடம் அப்போது குதிரைப்படையே இல்லை. எதிரியிடமோ ஏராளமான குதிரைகள். சோர்ந்துபோன வீரர்களுக்கு செனபோன் சொன்ன ஆறுதல் வேடிக்கையானது. குதிரை கடித்தோ உதைத்தோ போரில் எவனும் செத்ததில்லை, தரையில் உறுதியாக நிற்கும் நமக்கு எதிரியைப் பற்றி மட்டும்தான் பயம், குதிரை மேல் தொங்கிக்கொண்டிருப்பவனுக்குக் கீழே விழும் பயமும் சேர்ந்து இருக்கிறது என்றார். ஆனால் விரைவிலேயே எதிரியின் குதிரைவீரர்கள் தொல்லை கொடுக்கத் தொடங்க, மூட்டை சுமந்த குதிரைகளையெல்லாம் பொறுக்கி ஐம்பது பேர் கொண்ட சிறு குதிரைப்படையைத் தயார் செய்ய வேண்டியதாயிற்று.

அவர் சொன்ன கீழே விழும் பயம் வெறும் பேச்சு அல்ல. கிரேக்கர்களுக்கு அங்கவடி கிடையாது, இன்றைக்கு இருப்பது போன்ற சேணமும் கிடையாது. ஒரு கையில் ஈட்டி, மறு கையில் லகான், தொடைகளின் பிடிதான் ஆதாரம். அப்படிப்பட்டவனின் குதிரை மிரண்டால் அவன் உயிர் போச்சு. ஆகவே அமைதியான குதிரை என்பது அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில், வயதான பிறகு, செனபோன் எழுதிய குதிரையேற்றம் பற்றிய சிறு நூல் முழுமையாகக் கிடைத்திருக்கிறது. அதில் குட்டியைப் பழக்கும் பகுதி இன்று படித்தாலும் ஆச்சரியமாக இருக்கும். குட்டியைச் சொந்தக்காரரே பழக்க வேண்டாம், தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள் என்கிறார். பையனை ஒரு தொழில் கற்க அனுப்பும்போது என்னென்ன கற்றுத்தர வேண்டும் என்று எழுதி வாங்குவது போல, இதற்கும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளச் சொல்கிறார். ஆனால் அதற்கு முன்பே வீட்டில் ஒரு வேலை நடந்திருக்க வேண்டும். பசியும் தாகமும் ஈக்கடியும் தனியாக இருக்கும்போது வரட்டும். தீவனமும் தண்ணீரும் ஈயிலிருந்து விடுதலையும் மனிதன் வந்தால் கிடைக்கட்டும். அப்புறம் குட்டி மனிதனை நேசிப்பதோடு தேடவும் ஆரம்பித்துவிடும். தடவினால் அதற்கு எங்கே பிடிக்குமோ அங்கே தடவிக் கொடுங்கள். கூட்டத்துக்குள் நடத்திச் செல்லுங்கள், எல்லாவிதச் சத்தங்களையும் பழக்குங்கள்.

மிரளும் குதிரையைப் பற்றி அவர் சொல்வதுதான் நூலின் உச்சம். குதிரை ஒரு பொருளைக் கண்டு பயந்தால் அடிக்காதே. அடித்தால் அந்தப் பொருள்தான் தன்னை வலிக்கச் செய்கிறது என்று அது நினைத்துக்கொள்ளும், பயம் இரட்டிப்பாகும். முதலில் நீ போய் அதைத் தொட்டுக் காட்டு, பிறகு மெதுவாகக் கூட்டிக்கொண்டு போ. கோபத்தோடு குதிரையிடம் போகவே போகாதே. இதைத்தான் இன்றைய உளவியல் பாடப்புத்தகங்கள் பெரிய பெரிய சொற்களில் சொல்கின்றன!

லகானுக்கு வருவோம். ஒரு குதிரை மற்ற குதிரைகளின் முன்னால், அதிலும் பெண் குதிரைகளின் முன்னால், கழுத்தை வளைத்துத் தலையை உயர்த்தி அழகு காட்டும். சாட்டையும் இழுப்புமாக அதை வரவழைக்கப் பார்ப்பவர்கள் குதிரையை முன்னால் பார்க்க விடாமல் குருடாக்குகிறார்கள் என்கிறார் செனபோன். தளர்ந்த லகானில் போகக் கற்றுக்கொண்ட குதிரையோ, தனக்குப் பிடித்ததைச் செய்வதாக எண்ணி மகிழ்ச்சியாக அதே அழகைக் காட்டும். ஆனால் இவரை ஒரேயடியாகக் கருணை வள்ளல் ஆக்கிவிட வேண்டாம். முரட்டுக் கடிவாளம் ஒன்று, வழவழப்பானது ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளச் சொன்னவரும் இவரே. முரட்டுக் கடிவாளத்தை அனுபவித்தால்தான் மற்றதன் அருமை குதிரைக்குத் தெரியுமாம்.

அடுத்த தலைமுறையில் வந்தது புகழ்பெற்ற புசிபேலஸ் கதை. எல்லோரையும் உதறிய குதிரை தன் நிழலைப் பார்த்துத்தான் மிரள்கிறது என்று சிறுவன் அலெக்சாண்டர் கண்டுகொண்டு, அதைச் சூரியனை நோக்கித் திருப்பினானாம். வாயைக் கிழிக்காமல், அடிக்காமல் லகானை மெல்லப் பிடித்தான், பயம் தெளிந்ததும் விட்டுவிட்டான். நானூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய புளூடார்க் சொல்லும் கதை இது, எவ்வளவு உண்மையோ! ஆனால் கி.மு. 326இல், ஜீலம் கரையில் போரஸுடன் நடந்த போரை ஒட்டி அந்தக் குதிரை இறந்ததும், அதன் பெயரில் அங்கே ஒரு நகரம் எழுந்ததும் வரலாறு.

பிறகு ஐரோப்பாவில் அங்கவடி வந்தது, கனத்த கவசம் வந்தது, நெம்புகோல் போல வேலை செய்யும் நீண்ட கைகளுடைய கடிவாளங்கள் வந்தன. 1550இல் நேப்பிள்ஸைச் சேர்ந்த ஃபெடரிகோ கிரிசோனே குதிரைப் பயிற்சி பற்றி ஒரு நூலை அச்சிட்டார். விரைவிலேயே பல மொழிகளுக்குப் போனது. தடவிக் கொடுப்பது பற்றியும் அதில் உண்டு. கூடவே, முன்னே நகர மறுக்கும் குதிரைக்குக் கழியின் முனையில் கட்டிய பூனை, முள்ளெலி, எரியும் வைக்கோல் என்று வைத்தியங்களும் உண்டு! செனபோன் காலத்திலிருந்து ஏறக்குறைய 1900 ஆண்டுகள் கழித்து மனிதன் வந்து சேர்ந்த இடம் இது. காலம் போகப் போக அறிவு தானாக வளரும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும்.

நேப்பிள்ஸில் படித்துத் திரும்பிய பிரெஞ்சுக்காரரான பிளுவினேல்தான் போக்கை மாற்றினார். பாரிஸில் 1594இல் பயிற்சிக்கூடம் தொடங்கி, பின்னாளில் சிறுவனாக இருந்த மன்னர் பதின்மூன்றாம் லூயிக்குக் கற்றுக்கொடுத்தவர். குதிரையின் உடம்பைவிட மூளைக்கு வேலை கொடு, அடியில் கஞ்சனாக இரு, தட்டிக்கொடுப்பதில் தாராளமாக இரு என்பது அவர் கொள்கை. 1733இல் நூல் வெளியிட்ட லா கெரினியேர் இன்னும் ஒரு படி போனார். குதிரை சமநிலைக்கு வந்ததும் கையைத் தாழ்த்தி லகானைத் தளர்த்து. அதன் பின்னும் அதே நடையில், அதே தோற்றத்தில் சில அடிகள் போகிறதா பார். போனால் அதுவே அதற்குப் பரிசு. கலைந்துவிட்டால் உன் பயிற்சி முடியவில்லை. வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி இன்றும் இவர் வழியில்தான் நடக்கிறது.

அரண்மனைக்கு வெளியே, அட்லாண்டிக்கைத் தாண்டி, இதே பாடம் வேறு உருவில் வளர்ந்தது. ஸ்பானியர்கள் குடியேறிய கலிபோர்னியாவில் மாடு மேய்த்த வக்கேரோக்கள் இளங்குதிரையின் வாயில் இரும்பையே வைக்கவில்லை. மூக்கைச் சுற்றிப் பின்னிய தோல் வளையம், அதிலிருந்து குதிரை மயிரால் முறுக்கிய கயிறு, அவ்வளவுதான். காரணம் எளிது. குதிரைக்குப் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைப்பது சுமார் இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரை நடக்கும். அந்த நேரத்தில் வாயில் இரும்பு வைத்தால் சவாரி என்றாலே வலி என்றுதான் குட்டி கற்றுக்கொள்ளும். பல் மாறி முடிந்த பிறகு கடிவாளத்தைச் சும்மா சுமக்கப் பழக்கினார்கள். அடுத்து மூக்கு வளையத்துக்கு ஒன்று, கடிவாளத்துக்கு ஒன்று என்று இரண்டு லகான்கள். கடைசியில் கடிவாளம் மட்டும், அதுவும் தொய்ந்த லகானில், ஒரே கையில். அந்தக் கடிவாளம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், நாக்கின் மேல் கரண்டி போல ஒரு தகடு நிற்கும். ஆனால் அதை இழுப்பதே இல்லை. லகானின் கனம் கொஞ்சம் அசைந்தாலே குதிரைக்குச் செய்தி போய்விடும். ஒரு குதிரை இந்த நிலைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன.

பரந்த பண்ணை, ஏராளமான குதிரைகள், அவசரமில்லாத வேலை, இவை இருந்ததால்தான் வக்கேரோவால் காத்திருக்க முடிந்தது. 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகள் வடக்கே ரயில் நிலையங்களை நோக்கி ஓட்டப்பட்டபோது கதை மாறியது. குதிரை மலிவு, ஆளுக்குப் பல குதிரைகள் வேண்டும், நாள் இல்லை. காட்டுக் குதிரையைக் கயிறு போட்டுப் பிடித்து, துள்ளித் துள்ளிக் களைத்துப்போகும் வரை மேலே உட்கார்ந்து, சில நாள்களில் வேலைக்கு இறக்கினார்கள். ஆங்கிலத்தில் இதற்கு உடைப்பது என்றே பெயர்! ரோடியோ விளையாட்டில் நாம் பார்ப்பது அதன் மிச்சம்தான்.

1987இல் டாம் டாரன்ஸ் என்ற முதிய பண்ணைக்காரரின் பாடங்கள் ஒரு நூலாக வந்தன. குதிரை எதை நினைத்துப் பயப்படுகிறது என்று முதலில் கவனி, அது சரியாகச் செய்யும் அந்தக் கணமே பிடியைத் தளர்த்து என்பதே அவர் சொன்னதன் சாரம். அவர் 2003இல் மறைந்தார். அவரிடம் கற்ற ரே ஹண்ட் ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுத்தார். காசு கொடுத்துக் குதிரையைக் கொண்டுவந்தவர்களிடம், தான் அங்கே வந்திருப்பது குதிரைக்காகத்தான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது அவர் வழக்கம்.