வாவிக்கு அப்பால் உறங்கும் கப்பல்

மட்டக்களப்பு என்றதும் உலகெங்கும் வாழும் பழைய மாணவியர் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவன பாடுமீனும் கல்லடிப் பாலமும்தான். இவையிரண்டும் இல்லாத நினைவு மலரை நாம் கண்டதில்லை. ஆனால் நமது கரைக்கு அப்பால், கடலில் சில மைல் தூரத்தில், ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கும் ஒரு கப்பலைப் பற்றி நாம் அதிகம் எழுதியதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

கப்பலின் பெயர் ஹெர்மிஸ். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட பிரித்தானியக் கப்பல்களில் இதுவே முதலாவது. 1919 இல் நீரில் இறக்கப்பட்டு, 1924 இல் சேவைக்கு வந்தது. கிரேக்கரின் கதைகளில் ஹெர்மிஸ் என்பவர் தூது கொண்டுசெல்லும் தேவர். வணிகருக்கும் வழிப்போக்கருக்கும் காவலர்.

1942 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஐந்து விமானந்தாங்கிகளுடன் யப்பானியக் கடற்படை இலங்கையை நெருங்கியது. ஏப்ரல் 4 ஆம் திகதி, கொக்கலையிலிருந்து ரோந்து சென்ற ஒரு கற்றலினா விமானம் தெற்கே நெடுந்தூரத்தில் அந்தப் படையைக் கண்டது. அதைச் செலுத்தியவர் லெனார்ட் பேர்ச்சல் என்ற கனேடிய விமானி. வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அன்று கொழும்பு தாக்கப்பட்டது. பேர்ச்சலின் செய்தி முன்னரே கிடைத்திருந்தபடியால் படையினர் விழிப்பாக இருந்தனர். துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேறியிருந்தன.

அடுத்த இலக்கு திருகோணமலை என்பது எதிர்பார்க்கப்பட்டதே. ஆகவே ஏப்ரல் 8 ஆம் திகதி இரவு, அங்கு நின்ற ஹெர்மிஸ் கப்பலை வெளியே அனுப்பினார்கள். துணைக்கு வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் சென்றது. இரண்டும் கிழக்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கி வந்தன. விமானந்தாங்கி என்ற பெயர்தான். அன்று ஹெர்மிஸில் ஒரு விமானமும் இருக்கவில்லை.

9 ஆம் திகதி, வியாழக்கிழமை காலை, மட்டக்களப்புக்கு அண்மையில் யப்பானிய வேவு விமானம் ஒன்று கப்பலைக் கண்டுவிட்டது. எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டு வந்தன. பத்தரை மணியளவில் தாக்குதல் தொடங்கியது. அரை மணி நேரத்துக்குள் ஹெர்மிஸ் மூழ்கிவிட்டது. தளபதி ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தனர். சற்று நேரத்தில் வம்பயரும் மூழ்கியது. அதே நாளில் ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பலும் எண்ணெய்க் கப்பல்களும் இந்தக் கடலில் அழிந்தன.

அவ்வழியே வந்த வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து தூக்கியெடுத்துக் கொழும்புக்குக் கொண்டு சென்றது. சிலர் நீந்தியே நமது கரையை அடைந்தனர். சித்திரைப் புத்தாண்டு பிறக்கச் சில நாட்களே இருந்தன.

இதுவரை சொன்னவற்றைப் போர் வரலாற்று நூல்களிலும் படிக்கலாம். நாம் சொல்ல விரும்புவது இதற்கு மேல் ஒன்று. கப்பலின் நீளம் எவ்வளவு, குண்டுகள் எத்தனை என்ற கணக்குகளில் அந்த மனிதர்கள் மறைந்துபோகிறார்கள். அவர்கள் யாரோ ஒருவரின் மகன், கணவன், தகப்பன். பிழைத்துப் போனவர்களும் போர் முடிந்தபின் வீரர்களாகவே வாழ்ந்து முடிக்கவில்லை. சீருடையைக் கழற்றிவிட்டு, ஒரு தொழிலைத் தேடிக்கொண்டு, பிள்ளைகளை வளர்த்து, சாதாரண மனிதர்களாக முதுமை அடைந்தார்கள்.

பேர்ச்சலின் வாழ்வே இதற்கு உதாரணம். சுட்டு வீழ்த்தப்பட்டபோது கடலிலிருந்து யப்பானியரால் சிறைபிடிக்கப்பட்டு, போர் முடியும்வரை முகாம்களில் இருந்தார். நோயாளிக் கைதிகளை வேலைக்கு இழுத்தபோது தடுத்து நின்று அடியும் வாங்கினார். ‘இலங்கையின் மீட்பர்’ என்று உலகம் அவரைப் புகழ்ந்தது. விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரோ, ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில், முகாமைத்துவக் கல்வி தரும் பீடத்தின் நிருவாக அலுவலராகப் பல வருடங்கள் கடமையாற்றினார். 2004 இல் காலமானார். நம்மவர் பிள்ளைகள் எத்தனையோ பேர் படிக்கும் பல்கலைக்கழகம் அது. தாம் பிறந்த மண்ணைக் காத்த ஒருவர் அங்கே கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடலோடு போனவர்களுக்குக் கல்லறை இல்லை. அவர்களுடைய பெயர்கள் பிளிமத் முதலிய பிரித்தானியத் துறைமுக நகரங்களின் கடற்படை நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்பட்டுள்ளன. வம்பயரில் மாண்டவர்களின் பெயர்கள் கன்பராவின் போர் நினைவகத்திலும் உள்ளன. தென்னாபிரிக்கக் குடும்பங்களும் ஹெர்மிஸில் பிள்ளைகளை இழந்தன.

உடல் கிடைக்காத மரணம் ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியிலும் கல்லடியிலும் டச்பாரிலும் கடல் கொண்டுபோனவர்கள் நம்மவர். போர்க் காலத்தில் வெளியே போய்த் திரும்பி வராதவர்களுக்காகப் படத்துக்கு மாலை போடவும் மனமின்றிக் காத்திருக்கும் தாய்மாரும் நம்மவரே. பிளிமத்தில் ஒரு தாய் பட்ட துயரம் வேறு மொழியில் பட்ட அதே துயரம்தான். பெயர் சொல்லி அழ ஒரு கல்லாவது அவளுக்குக் கிடைத்தது. நம்மில் பலருக்கு அதுவும் இல்லை.

ஆகவே பழைய மாணவியரிடம் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருப்பவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது அந்த நினைவுச் சின்னங்களுக்குச் சென்று, 1942 ஏப்ரல் 9 என்ற திகதிக்குரிய ஒரு பெயரையாவது வாசித்துவிட்டு வாருங்கள். அவர் நமது கடலில் உறங்குபவர். உங்கள் வீட்டில் அந்த நாளைக் கண்ட அல்லது அதைப் பற்றிக் கேட்ட பெரியவர் எவரேனும் இருந்தால், அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். அன்று பத்து வயதுச் சிறுமியாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு கடந்துவிட்டது. இந்த வேலையை அடுத்த மலருக்கு ஒத்திவைக்க முடியாது.