ஆரஞ்சு முனை: பொம்மைத் துப்பாக்கி விற்பனைக்கு விதிகள் வந்த கதை

1988-ம் ஆண்டு நவம்பர் 5-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசு அலுவலகங்களில் மின்சாரமும் எரிபொருளும் வீணாகாமல் பார்த்துக்கொள்வதற்கான சட்டம் அது. பெயரே 'கூட்டாட்சி எரிசக்தி மேலாண்மை மேம்பாட்டுச் சட்டம்'. ஆனால் அதன் 4-வது பிரிவில் எரிசக்தி பற்றி ஒரு வார்த்தை கூடக் கிடையாது. அந்தப் பிரிவு முழுக்க பொம்மைத் துப்பாக்கிகளைப் பற்றியது!

எங்கோ ஒரு மூலையில் செருகி வைத்த இந்தப் பிரிவுதான், இன்றைக்கு ஈபே போன்ற தளத்தில் தாத்தா காலத்துப் பொம்மைத் துப்பாக்கியை விற்க நினைக்கும் ஒருவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம். ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை கட்டுப்பாடு எதற்கு? பதில் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

காற்றாலையில் இருந்து டிவி வரை

அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கி வியாபாரம் 19-ம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு கேப் துப்பாக்கிகள் கடைக்கு வந்தன. தீபாவளிக்கு நம்மூர்ப் பிள்ளைகள் ரோல் கேப் போட்டு வெடிப்பார்களே, அதே சமாச்சாரம்தான்.

மிச்சிகன் மாநிலத்தில் பிளிமத் என்ற ஊரில் காற்றாலை தயாரிக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. 1880-களின் கடைசியில், காற்றாலை வாங்கும் விவசாயிகளுக்கு இனாமாக ஓர் ஏர் கன் கொடுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் காற்றாலையை விட இனாமுக்குத்தான் கிராக்கி அதிகமானது. 1895-ல் கம்பெனி தன் பெயரையே 'டெய்சி' என்று மாற்றிக்கொண்டது. அந்த ஏர் கன்னின் பெயர்தான் டெய்சி.

உண்மையான பொற்காலம் 1950-கள். ஹாப்பலாங் கேசிடி, ராய் ரோஜர்ஸ், லோன் ரேஞ்சர் என்று டிவியைத் திறந்தால் கௌபாய்கள்தான். ஒவ்வொரு கௌபாய் பெயரிலும் உறையோடு கூடிய பொம்மைத் துப்பாக்கி விற்றது. 1955-ல் மேட்டல் கம்பெனி (பார்பி பொம்மை அப்போது இன்னும் பிறக்கவில்லை) 'மிக்கி மவுஸ் கிளப்' நிகழ்ச்சியில் வருடம் முழுக்க விளம்பரம் செய்ய 5 லட்சம் டாலர் கொடுத்தது. கம்பெனியின் மொத்த மதிப்பே கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பார்கள். அந்த விளம்பரத்தில் வந்த முக்கியமான சரக்கு 'பர்ப் கன்' என்ற பொம்மை இயந்திரத் துப்பாக்கி. அதுவரை கிறிஸ்துமஸ் சீசனை மட்டும் நம்பியிருந்த பொம்மை வியாபாரம் வருடம் முழுக்க நடக்கும் வியாபாரமாக மாறியதில் இந்த விளம்பரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது பெரும்பாலும் இந்தக் காலத்துச் சரக்கைத்தான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் துப்பாக்கிகளில் ஆரஞ்சு நிறம் எதுவும் கிடையாது. நிஜம் போலவே இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய விற்பனை மந்திரம்.

எச்சரிக்கை மணி

மேட்டல் விளம்பரம் வந்த அதே 1955-ல் நியூயார்க் நகரம் நிஜம் போலத் தெரியும் பொம்மைத் துப்பாக்கிகளுக்குத் தடை போட்டது. ஆனால் நாடு முழுக்க விதி வர இன்னும் 33 வருடம் ஆனது.

நடுவில் நடந்தவை சாதாரணமானவை அல்ல. 1983-ல் கலிபோர்னியாவின் ஸ்டான்டன் நகரில், இருட்டான ஓர் அறைக்குள் நுழைந்த போலீஸ்காரர், எதிரே கையில் துப்பாக்கியோடு ஓர் உருவத்தைக் கண்டு சுட்டுவிட்டார். இறந்தது 5 வயதுக் குழந்தை. கையில் இருந்தது பொம்மை.

1987 ஆகஸ்டில் இன்னொரு சம்பவம். லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் டிவி செய்தி நேரலையில் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் ஸ்டூடியோவுக்குள் புகுந்து, நுகர்வோர் பகுதியை வழங்கிய டேவிட் ஹொரோவிட்ஸ் மீது துப்பாக்கியை நீட்டி, தான் எழுதிக் கொண்டுவந்ததை வாசிக்கச் சொன்னான். அவரும் வாசித்தார். பிறகுதான் அது நிஜத் துப்பாக்கி அல்ல என்று தெரிந்தது. ஹொரோவிட்ஸ் அதன்பின் இத்தகைய துப்பாக்கிகளுக்கு எதிராகப் பெரிய பிரசாரமே செய்தார். சில மாநிலங்களில் சட்டங்கள் வந்தன. அடுத்த வருடமே கூட்டாட்சிச் சட்டமும் வந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

1989 மே 5 முதல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின் சாரம் இது: பொம்மைத் துப்பாக்கியோ போலித் துப்பாக்கியோ எதுவானாலும், அதன் குழல் வாயில் கழற்ற முடியாதபடி பளீரென்ற ஆரஞ்சு நிற அடைப்பு இருக்க வேண்டும். குழல் முனையில் இருந்து 6 மில்லிமீட்டருக்கு மேல் அது உள்ளே போகக் கூடாது. எந்த ஆரஞ்சு என்பதற்குக் கூட அரசாங்க நிறப் பட்டியலில் எண் உண்டு: 12199. இது வேண்டாம் என்றால், உள்ளே இருப்பது வெளியே தெரியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்யலாம். அல்லது முழுத் துப்பாக்கியையும் வெள்ளை, பளிச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், இளஞ்சிவப்பு போன்ற நிறங்களில் செய்யலாம்.

சட்டத்தில் தயாரிப்பாளரை மட்டும் குறிப்பிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தயாரிப்பது, வணிகத்தில் விடுவது, அனுப்புவது, கொண்டுபோவது, பெற்றுக்கொள்வது என்று ஐந்து செயல்களையும் சட்டம் அடுக்குகிறது. அதாவது, வீட்டில் உட்கார்ந்து பார்சல் கட்டி அனுப்புபவரும் வருவார், வாங்குபவரும் வருவார்.

விதிவிலக்குகளும் உண்டு. சேகரிப்பாளர்களுக்கு முக்கியம் இவைதான்.

ஒன்று: 1898-க்கு முன் உருவான பழங்காலத் துப்பாக்கியின், சுட முடியாத நகல். இதற்கு ஆரஞ்சு தேவையில்லை. மாநிலங்கள் இதன் விற்பனையைத் தடை செய்யவும் கூடாது என்று சட்டமே சொல்லிவிட்டது.

இரண்டு: குண்டு வெளியேறும் வழக்கமான ஏர் கன், பெயிண்ட்பால் வகைகள். இவற்றுக்கும் அடையாளம் தேவையில்லை. மாநிலங்கள் சிறுவர்களுக்கு விற்பதை மட்டும் தடுக்கலாம்.

மூன்று: விதிமுறைகள் 1989 மே 5 அன்றோ அதற்குப் பிறகோ தயாரித்து விற்பனைக்கு வந்தவற்றுக்குத்தான். ஆகவே 1950-களின் கௌபாய் துப்பாக்கி கூட்டாட்சி விதியில் இருந்து தப்பித்துவிடுகிறது.

ஏலக் கடை திறந்தது

1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் ஓர் ஏலத் தளம் தொடங்கினார். அதுதான் பின்னாளில் ஈபே. ஆரம்ப வருடங்களில் அதை வளர்த்துவிட்டவர்களில் பெரிய கூட்டம் சேகரிப்பாளர்கள்தான். அதற்கு முன் ஒரு பழைய கேப் துப்பாக்கி வேண்டுமென்றால் ஊர் ஊராகப் பழம்பொருள் சந்தைக்கு அலைய வேண்டும். இப்போது வீட்டில் இருந்தபடியே ஏலம் கேட்கலாம்.

பழைய பொம்மைகளோடு நிஜத் துப்பாக்கிகளும் அங்கே விற்றன. 1999 பிப்ரவரியில் ஈபே நிஜத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் தடை செய்தது. முகம் தெரியாத இருவர் நடுவே நடக்கும் விற்பனையில், வாங்குபவர் தகுதியானவரா என்று தளத்தால் சோதிக்க முடியாது என்பதே காரணம். அந்த வியாபாரம் அழியவில்லை, இடம் மாறியது. அதே 1999-ல் துப்பாக்கிகளுக்கென்றே 'கன்புரோக்கர்' என்ற ஏலத் தளம் பிறந்தது. 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் படுகொலை நடந்த பிறகு, கொலையாளி காலித் தோட்டாப் பெட்டிகளை ஈபேயில் வாங்கியிருந்தது தெரியவந்தது. அதன் பின்னர் உதிரி பாகங்கள் மீதான தடையும் இறுகியது.

பொம்மைத் துப்பாக்கியை ஈபே முழுசாகத் தடை செய்யவில்லை. 1988 சட்டத்தின் அடையாளங்களையே தன் விதிக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டது. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. சிக்கல் இனிமேல்தான்.

சேகரிப்பாளரின் தலைவலி

சேகரிப்புச் சந்தையில் விலையை நிர்ணயிப்பது பொருள் அல்ல, அதன் நிலை. பெட்டியோடு இருக்கிறதா, பெயிண்ட் உரிந்திருக்கிறதா, பாகம் மாற்றியதா என்பதெல்லாம் விலையில் தெரியும். 1950-களின் துப்பாக்கி ஒன்றுக்கு வீட்டில் ஆரஞ்சு பெயிண்ட் அடித்தால் அது 'ஒரிஜினல்' என்ற தகுதியை இழந்துவிடும். ஆக, பாதுகாப்புக்காகச் சேர்க்கும் அடையாளமே பொருளின் மதிப்பைக் குறைக்கிறது. சாதாரணமாக ஒரு பொருளில் பாதுகாப்பு கூடினால் விலை கூடும். இங்கே தலைகீழ்.

இரண்டு உதாரணங்கள் இதைத் தெளிவாகக் காட்டும்.

முதலாவது நிண்டெண்டோவின் 'ஜாப்பர்'. வீடியோ கேமில் வாத்து சுடும் துப்பாக்கி. 1985-ல் அமெரிக்காவுக்கு வந்தபோது சாம்பல் நிறம். கூட்டாட்சி விதி வந்த காலத்தில் ஆரஞ்சுக்கு மாறியது. இன்று ஒரு ஜாப்பரைப் பார்த்தவுடன் அது முந்தைய தயாரிப்பா பிந்தையதா என்று சொல்லிவிடலாம். சட்டத்தின் தேதி பிளாஸ்டிக்கில் பதிந்துவிட்டது!

இரண்டாவது இன்னும் சுவாரசியம். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளில் வில்லன் மெகாட்ரான். 1984-ல் ஹாஸ்ப்ரோ விற்ற மெகாட்ரான், ரோபோவில் இருந்து வால்தர் பி-38 கைத்துப்பாக்கியாக மாறும். தூரத்தில் பார்த்தால் நிஜத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. 1993-ல் வந்த புது மெகாட்ரான் துப்பாக்கியாக மாறவில்லை, பீரங்கி வண்டியாக மாறினான். பிறகு 2007-ல் ஜப்பானின் டகாரா டோமி பெரியவர்களுக்கான சேகரிப்புப் பொருளாக மறுபடி துப்பாக்கி மெகாட்ரானைக் கொண்டுவந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1984 மெகாட்ரான் ஆரஞ்சு இல்லாமல் விற்கலாம், ஏனென்றால் 1989-க்கு முந்தையது. 2007 மெகாட்ரான் அமெரிக்காவுக்குள் வர ஆரஞ்சு வேண்டும். 1984-ன் அச்சிலேயே நேற்று செய்த நகலுக்கும் வேண்டும். மூன்றின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விஷயம் தெரிந்த சேகரிப்பாளர் பிரித்துச் சொல்வார். லட்சக்கணக்கான விளம்பரங்களை அலசும் ஒரு தளம் எப்படிப் பிரிக்கும்? சட்டம் பார்ப்பது தயாரித்த தேதியை. தளத்துக்குத் தெரிவது படமும் தலைப்பும் மட்டும். சட்டப்படி சரியான பொருளுக்கும் தளத்தில் சிக்கல் வரக்கூடியது இந்த இடைவெளியில்தான்.

பொறுப்பு யாருடையது?

கடைகள் ஒருவிதத்தில் முன்பே விலகிக்கொண்டன. 1994-ல் நியூயார்க்கில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 13 வயதுச் சிறுவன் போலீஸ் குண்டுக்குப் பலியான பிறகு, 'டாய்ஸ் ஆர் அஸ்' நிஜம் போன்ற பொம்மைத் துப்பாக்கிகளை இனி விற்பதில்லை என்று அறிவித்தது.

இணையத்தில் கடைக்காரர் யார் என்பதே கேள்வி. நியூயார்க் மாநில விதி கூட்டாட்சி விதியை விடக் கடுமையானது. அப்போதைய விதிப்படி, கறுப்பு, நீலம், வெள்ளி போன்ற நிறங்களில் இருந்தால் குழலின் இருபுறமும் ஒரு அங்குல அகல ஆரஞ்சுப் பட்டை இருந்தாக வேண்டும். 2012 முதல் 2014 வரை 6,400-க்கும் மேற்பட்ட விதிமீறிய பொம்மைகள் அந்த மாநிலத்துக்குள் விற்றதாக அட்டர்னி ஜெனரல் எரிக் ஷ்னைடர்மன் கண்டுபிடித்தார். 2015 ஆகஸ்டில் வால்மார்ட், அமேசான், சியர்ஸ், கேமார்ட் உள்ளிட்டவை 3 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் கட்டச் சம்மதித்தன. 1994-க்குப் பிறகு அந்த மாநிலத்தில் போலித் துப்பாக்கிகளால் 63 துப்பாக்கிச் சூடுகள் நடந்ததாகவும், குறைந்தது 8 பேர் இறந்ததாகவும் அவரது அலுவலகம் அப்போது கூறியது.

கடல் தாண்டினால் விதியும் மாறும். பிரிட்டனில் 2007 அக்டோபர் 1 முதல் நிஜம் போன்ற போலித் துப்பாக்கியை விற்பதே குற்றம். நாடகம், சினிமா, அருங்காட்சியகம், வரலாற்று நிகழ்வுகளை நடித்துக் காட்டும் குழுக்கள் போன்றவற்றுக்கு விலக்கு. பழமைக்கான எல்லை அங்கே 1870, அமெரிக்காவில் 1898. ஜப்பானோ எல்லோரையும் முந்தி 1971-லேயே உலோகக் கைத்துப்பாக்கி மாடல்கள் வெள்ளை அல்லது மஞ்சள் நிறத்தில், குழல் அடைத்து இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஒரே பார்சல், மூன்று நாடு, மூன்று விதி.

விதி எதைக் காப்பாற்றுகிறது?

2014 நவம்பர் 22. கிளீவ்லேண்ட் நகரப் பூங்கா ஒன்றில் 12 வயதுச் சிறுவன் பிளாஸ்டிக் குண்டு போடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியுடன் விளையாடிக்கொண்டிருந்தான். அதன் ஆரஞ்சு முனை இல்லை. போலீசுக்குப் போன் செய்தவர், அது அநேகமாகப் போலியாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தார். வந்த போலீஸ்காரர் இரண்டே விநாடியில் சுட்டார். சிறுவன் மறுநாள் இறந்தான். அதே வருடம் ஆகஸ்டில் ஒஹையோ மாநிலத்திலேயே, கடை அலமாரியில் இருந்த ஏர் ரைஃபிளைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த 22 வயது இளைஞனும் கடைக்குள்ளேயே சுடப்பட்டு இறந்தான். ஏர் ரைஃபிளுக்கு சட்டப்படி ஆரஞ்சே தேவையில்லை.

ஆரஞ்சு முனை என்பது விற்கும் நேரத்துக்கான ஏற்பாடு. தொழிற்சாலையில் இருந்து கிளம்பும்போது அது இருக்கிறதா, போட்டோவில் தெரிகிறதா, பார்சலில் போகிறதா என்று பார்க்கலாம். வீட்டுக்குப் போன பிறகு அதை யார் உடைத்தார்கள், யார் கறுப்பு பெயிண்ட் அடித்தார்கள் என்று எந்தத் தளமும் பார்க்க முடியாது. அதனால்தான் கலிபோர்னியா 2016 முதல், முனையோடு நிற்காமல் ஏர்சாஃப்ட் துப்பாக்கியின் கைப்பிடி, விசை வளையம் வரை பளிச் நிறம் கேட்கிறது.

கண்ணாடி அலமாரியில் இருக்கும் 1957-ம் வருடத்துக் கேப் துப்பாக்கியால் தெருவில் யாருக்கும் ஆபத்து வருவது அபூர்வம். ஆனால் விதிகளின் சுமையை அதிகம் உணர்வது அதன் சொந்தக்காரர்தான், ஏனென்றால் அவர் போட்டோவோடு, பெயரோடு, முகவரியோடு பகிரங்கமாக விற்கிறார். முனை உடைந்த துப்பாக்கியோடு பூங்காவுக்குப் போகும் பையன் எந்த விளம்பரப் பட்டியலிலும் இல்லை. சந்தை விதியால் முடிந்தது இன்னொரு நிஜம் போன்ற பொம்மை கைமாறாமல் தடுப்பது. கைக்கு வந்த பொம்மையைக் கவனிக்கும் வேலை இன்னும் வீட்டில் இருப்பவர்களுடையதும், சுடுவதற்கு முன் இன்னொரு விநாடி பார்க்க வேண்டியவர்களுடையதும்தான்.