நாய்ப் பயிற்சி இலக்குகள்

நாய்ப் பயிற்சி இலக்குகள் என்பன, வீட்டில் வளரும் நாய் எவற்றைக் கற்க வேண்டும், அதன் அன்றாட வாழ்வு எவ்வாறு அமைய வேண்டும் என்பன குறித்து வளர்ப்பவர் முன்கூட்டியே செய்துகொள்ளும் முடிவுகள் ஆகும். உட்காருதல், படுத்தல், அழைத்தால் வருதல் ஆகியவற்றுடன், உணவின் அளவு, உடற்பயிற்சி, தனிமையில் இருக்கப் பழகுதல், கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்ப்பதைப் பொறுத்துக்கொள்ளுதல் முதலியனவும் இவற்றுள் அடங்கும். இலக்கு ஏதுமின்றி வளர்க்கப்படும் நாயும் கற்றுக்கொண்டே இருக்கின்றது. கதவைக் கீறினால் கதவு திறக்கும் என்பதை அதற்கு எவரும் வேண்டுமென்றே கற்பிப்பதில்லை. இவ்வாறு கற்ற பழக்கங்கள் முற்றிய பின்னர் நாயைத் தெருவில் விட்டுவிடுவதும் காப்பகத்தில் ஒப்படைப்பதும் பல நாடுகளில் நிகழ்கின்றன.

வரலாறு

செருமனியில் காவல்துறை நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910 ஆம் ஆண்டில் வெளியிட்ட பயிற்சி நூல் இத்துறையின் முன்னோடி நூல்களுள் ஒன்று. அவர் முறையில் கட்டாயப்படுத்தலுக்குப் பெரும் இடம் உண்டு. இரசிய உடலியலாளர் இவான் பாவ்லோவ், நாய்களின் உமிழ்நீர்ச் சுரப்பைக் கொண்டு பழக்கப்படுத்தப்பட்ட மறிவினையை விளக்கினார். நல்விளைவைத் தரும் செயலே மீண்டும் செய்யப்படும் என்பதை எட்வர்ட் தோர்ண்டைக்கும், பின்னர் பி. எஃப். ஸ்கின்னரும் ஆய்வுகளால் நிறுவினர். இவ்வழியில் வந்த கேரன் பிரையர், ஓங்கில்களைப் பழக்கிய தம் பட்டறிவைக் கொண்டு 1984 இல் எழுதிய நூல், வெகுமதி வழிப் பயிற்சியை நாய் வளர்ப்போரிடையே பரப்பியது.

இயல்பும் இலக்கும்

வெகுமதியால் எதையும் கற்பித்துவிட இயலும் என்ற நம்பிக்கைக்கு எல்லை உண்டு என்பதைக் காட்டியவர்கள் ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர், மரியன் பிரெலண்ட் இணையர் ஆவர். நாணயங்களைப் பெட்டியில் இடப் பழக்கப்பட்ட இரக்கூன்கள், உணவைக் கழுவுவதுபோல் அவற்றை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தன என்பதை அவர்கள் 1961 இல் பதிவு செய்தனர். விலங்கின் பிறவி இயல்பு, கற்றதை மீறி வெளிப்பட்டது.

நாய் வளர்ப்போர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். தென் தமிழகத்தின் சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை பார்வையால் இரையைக் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். ஓடும் முயலைக் கண்டபின் அவை அழைப்புக்குத் திரும்பிவருதல் அரிது. இவற்றிற்குத் திறந்த வெளியில் சங்கிலியின்றித் திரிதலை இலக்காக வைப்பதைவிட, வேலியிட்ட இடத்தில் நாள்தோறும் ஓடவிடுவதே தக்கது. இராசபாளையம் நாய் காவலுக்குப் பெயர் பெற்றது. அது புதியவர்களிடம் கொஞ்சிக் குலாவ வேண்டும் என்பதைவிட, விருந்தினர் வரும்போது தன் இடத்தில் அமைதியாகப் படுத்திருக்க வேண்டும் என்பது அடையக்கூடிய இலக்கு.

வரையறுத்தல்

"தாவக் கூடாது" என்பது முழுமையான இலக்கு அன்று. "விருந்தினர் வரும்போது நான்கு கால்களும் தரையில் இருக்க வேண்டும்" என்பதே இலக்கு. அந்நிலையில் இருக்கும்போது வெகுமதி அளிக்க இயலும். வீட்டார் அனைவரும் ஒரு செயலுக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்துதல் வேண்டும். உணவு வேளையில் கெஞ்சும் நாய்க்குத் தாத்தா மட்டும் எப்போதாவது ஒரு துண்டு தோசை கொடுத்தாலும் அப்பழக்கம் மறையாது. எப்போதாவது பலன் தரும் செயல் எளிதில் கைவிடப்படுவதில்லை என்பது ஆய்வுகளில் உறுதியான ஒன்று.

கற்றதை வலுப்படுத்துகையில் தொலைவு, நேரம், கவனச் சிதறல் ஆகிய மூன்றில் ஒரு வேளையில் ஒன்றையே கூட்டுதல் நன்று. கூடத்தில் உட்காரும் நாய் சந்தையில் உட்காராவிடின் அது பிடிவாதம் அன்று. அவ்விடத்தில் அது இன்னும் கற்கவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் அமெரிக்கன் கென்னல் கிளப் 1989 இல் தொடங்கிய நற்குடி நாய்த் தேர்வை ஆயத்த இலக்குத் தொகுதியாகப் பலர் கொள்கின்றனர். இதன் பத்துப் பகுதிகளுள் சங்கிலி தளர்ந்திருக்க நடத்தல், கூட்டத்தினூடே செல்லுதல், வளர்ப்பவரைப் பிரிந்து மூன்று நிமிடம் இருத்தல் ஆகியன உள்ளன. கலப்பின நாய்களும் பங்கேற்கலாம்.

உரிய பருவம்

ஸ்காட், ஃபுல்லர் ஆகியோர் 1965 இல் வெளியிட்ட ஆய்வின்படி, குட்டி பிறந்த 3 ஆம் கிழமை முதல் ஏறத்தாழ 12 ஆம் கிழமை வரை மனிதரோடும் பிற நாய்களோடும் பழகும் முதன்மைப் பருவம். தடுப்பூசிகள் முடியும் வரை குட்டியை வெளியே காட்டாமலிருந்தால் இப்பருவம் வீணாகிவிடும். முதல் தடுப்பூசிக்கு ஒரு கிழமை கழித்துக் குட்டிகளுக்கான வகுப்பைத் தொடங்கலாம் என அமெரிக்க விலங்கு நடத்தை கால்நடை மருத்துவர் கழகம் 2008 இல் அறிவித்தது. நோய்த்தொற்று மிகுந்த தெருக்களில் குட்டியைக் கையில் ஏந்திச் செல்லலாம். பட்டாசு ஓசைக்கும் பதிவு செய்த ஒலியை மெல்லத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்குவர். தீபாவளிக்கு முதல் நாள் இதனைத் தொடங்குவதால் பயனில்லை.

தண்டனை

மேற்கூறிய கழகம் 2021 இல், அனைத்து நாய்களுக்கும் வெகுமதி வழி முறைகளையே பரிந்துரைத்தது. உறுமலுக்கு அடிப்பது குறிப்பாகத் தீங்கானது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதனை அடக்கக் கற்ற நாயின் அச்சம் நீங்குவதில்லை. முன்னறிவிப்பின்றிக் கடிக்கும் நிலையே உருவாகலாம்.

உடல்நலமும் முதுமையும்

48 லாப்ரடோர் நாய்களைக் கொண்டு நடத்தப்பெற்று 2002 இல் வெளியான ஆய்வில், தம் இணை நாய்களைவிட 25 விழுக்காடு குறைவாக உண்டவை இடைநிலை அளவில் 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. எனவே வெகுமதியாகத் தரும் தின்பண்டத்தையும் அன்றைய உணவில் கழித்துக்கொள்ளுதல் வேண்டும். தடவினால் விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்படுவது நல்ல உடற்கட்டின் அடையாளம்.

முதிய நாய்களுக்கு நடையின் தொலைவைக் குறைத்து, மோப்பம் பிடிக்கும் நேரத்தைக் கூட்டுவர். செவித்திறன் குறையக்கூடும் என்பதால், இளமையிலேயே ஒவ்வொரு சொல்லுடனும் ஒரு கைச்சைகையைச் சேர்த்துக் கற்பிப்பது பிற்காலத்தில் உதவும்.