வேலை செய்யாத மந்திரங்கள்: ஒரு பழைய வீடியோ கேமின் உள்ளே

400 கில். 1987 டிசம்பர் 18 அன்று ஜப்பானில் வெளிவந்த ஃபைனல் ஃபேண்டஸி விளையாட்டைத் தொடங்கும்போது நம் கையில் இருக்கும் மொத்தப் பணம் அவ்வளவுதான். அதே 400 கில் கொடுத்தால் இரண்டாம் நிலைக் கருப்பு மந்திரமான டெம்பர் கிடைக்கும். நண்பனின் ஆயுதத்துக்கு வலு ஏற்றும் மந்திரம் என்று விளக்கம் சொல்கிறது. வாங்கலாம், கற்றுக்கொள்ளலாம், சண்டையில் போடலாம். திரையில் ஒளி அசையும். ஆனால் நண்பனின் அடி முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். ஒரு புள்ளி கூட ஏறாது.

இது அரிதாக எப்போதாவது நடக்கும் கோளாறு இல்லை. ஃபேமிகாம் கருவிக்கு வந்த மூலப் பதிப்பில் நம் வீரர்கள் மேல் போடும் டெம்பர் எப்போதுமே வேலை செய்யாது. இதன் அண்ணன் மாதிரி ஒன்று உண்டு: ஏழாம் நிலையில் இருக்கும் சேபர். விலை 45,000 கில். அதுவும் வேலை செய்யாது. எட்டாம் நிலையில், 60,000 கில் விலையில், எதிரியின் தடுப்புச் சக்தியை நீக்கும் எக்ஸ்ஃபர் என்றொரு வெள்ளை மந்திரம். நாம் எதிரி மேல் போட்டால் அதற்கும் பலன் கிடையாது.

(அமெரிக்கப் பதிப்பில் மந்திரப் பெயருக்கு நான்கு எழுத்துக்கு மேல் இடமில்லை. அதனால் உயிரெழுத்துகளை வெட்டிச் சுருக்கியிருப்பார்கள். நான் வாசிக்க வசதியாக நீட்டி எழுதுகிறேன்.)

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்த விஷயத்தில் தனி ஆர்வம். ஒரு நிரலுக்குள் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது, படம் இருக்கிறது, எண் கூட இருக்கிறது. பலன் மட்டும் இல்லை. அப்படியானால் அந்த மந்திரம் அந்த விளையாட்டில் "இருக்கிறது" என்று சொல்லலாமா? வீடியோ கேம் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது என்று நினைக்கிறேன்.

முதலில் பின்னணி

1986 மே மாதம் டிராகன் குவெஸ்ட் ஜப்பானில் வெளிவந்து, ஃபேமிகாமிலும் ரோல்-பிளேயிங் கேம் செய்யலாம் என்று காட்டியது. அடுத்த ஆண்டு ஸ்கொயர் நிறுவனத்தில் ஹிரோனோபு சகாகுச்சி தலைமையில் ஃபைனல் ஃபேண்டஸி உருவானது. சண்டை முறையை வடிவமைத்தவர் அகிதோஷி கவாசு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் சாயல் அதில் பளிச்செனத் தெரியும். மொத்தம் 64 மந்திரங்கள், எட்டு நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் நான்கு வெள்ளை, நான்கு கருப்பு. ஒரு நிலையின் மந்திரத்தை இத்தனை முறைதான் போடலாம் என்ற கணக்கும் அங்கிருந்து வந்ததுதான்.

நிரல் எழுதியவர் நாசிர் ஜெபெலி. ஈரானில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். அதற்கு முன்பே ஆப்பிள் 2 கணினிக்கு விளையாட்டுகள் எழுதிப் பேர் வாங்கியவர். அடுத்தடுத்த ஃபைனல் ஃபேண்டஸிகள் உருவானபோது அவருடைய ஜப்பான் விசா முடிந்துவிட, குழுவினர் சாமான் செட்டோடு கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோ நகருக்கே போய் வேலையை முடித்தார்கள். ஆளை அவ்வளவு நம்பியிருந்தார்கள் என்று அர்த்தம்.

கருவியையும் பார்க்க வேண்டும். ஃபேமிகாமின் செயலி நொடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்புகள் வேகத்தில் ஓடுவது. உள்நினைவகம் 2 கிலோபைட். விளையாட்டு முழுக்க 256 கிலோபைட் கார்ட்ரிட்ஜுக்குள் அடங்கவேண்டும். எல்லாம் அசெம்பிளி மொழி. இன்று நாம் பொத்தானை அழுத்தி ஓடவிடும் தானியங்கிச் சோதனைகள் எல்லாம் அங்கே கிடையாது. விளையாடிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

அறுந்த கம்பி

சரி, டெம்பர் ஏன் வேலை செய்யவில்லை? ஆர்வலர்கள் பிற்காலத்தில் இந்த விளையாட்டின் இயந்திர மொழியை வரிவரியாகப் பிரித்துப் படித்திருக்கிறார்கள். மந்திரம் போடும்போது, இலக்கான வீரரின் எண்களை நிரல் ஒரு தற்காலிக இடத்துக்கு எடுத்து வருகிறது. அங்கே கூட்டல் கழித்தல் நடக்கிறது. முடிந்ததும் மாறிய எண்களை வீரரின் பதிவில் திரும்ப எழுதவேண்டும். தாக்கும் வலுவுக்கு மட்டும் இந்தக் கடைசிப் படி நடப்பதில்லை. கணக்குப் போட்டாச்சு, விடையைத் தாளில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

இதை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்பதற்கும் காரணம் நிரலிலேயே இருக்கிறது. இந்த விளையாட்டில் ஓர் அடியின் வேகம் தாக்கும் எண்ணிலிருந்து அதன் இரண்டு மடங்கு வரை எங்கே வேண்டுமானாலும் விழும். அதில் எதிரியின் கவச எண் கழியும். ஒரு சுற்றில் எத்தனை அடி விழுகிறது என்பதும் மாறும். ஆக 20 வரலாம், 45 வரலாம். மந்திரத்தால் ஏறியதா, அதிர்ஷ்டத்தால் ஏறியதா என்று கண்ணால் சொல்ல முடியாது. தற்செயலுக்குள் பிழை சுகமாக ஒளிந்துகொள்ளும். காய்ச்சல் தானாகவே இறங்கியிருக்கும், நாம் போட்ட விபூதிக்குப் பேர் கிடைக்கும். அந்தக் கதைதான்.

இதைவிடப் பெரிய அறுந்த கம்பி, அறிவு என்ற எண். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இது உண்டு. கருப்பு மந்திரவாதிக்கு அது வளர்ந்துகொண்டே போகும். ஆனால் மந்திரத்தின் பலத்தைக் கணக்கிடும் எந்த இடத்திலும் நிரல் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை. அரைகுறையாக மந்திரம் படித்த சிவப்பு மந்திரவாதி போட்டாலும், அதற்கென்றே பிறந்த கருப்பு மந்திரவாதி போட்டாலும் ஒரே நெருப்பு, ஒரே சூடு. ஆயுதங்களும் இப்படித்தான். டிராகனுக்கு எதிரான வாள், அரக்கர்களுக்கு எதிரான வாள் என்று பட்டியலில் இருக்கிறது. அந்தந்த இனத்தைக் குறிக்கும் தரவும் இருக்கிறது. நாம் வெட்டும்போது அது கணக்கில் சேர்வதில்லை.

தலைகீழாய் மாட்டிய கம்பி

இரண்டாவது வகை இன்னும் மோசம். லாக் 2 என்றொரு மந்திரம். மூன்றாம் நிலை, 1,500 கில். எதிரி நம் அடியிலிருந்து நழுவும் திறனைக் குறைக்கவேண்டும். மூலப் பதிப்பில் அது அந்தத் திறனைக் கூட்டிவிடுகிறது. காசு கொடுத்து எதிரிக்கு உதவி செய்கிறோம்.

இது இந்த ஒரு விளையாட்டின் தலையெழுத்து மட்டும் இல்லை. 1996-ல் ஜப்பானில் வந்த முதல் போக்கிமான் விளையாட்டுகளில் ஃபோகஸ் எனர்ஜி என்றொரு உத்தி. பலத்த அடி விழும் வாய்ப்பைப் பெருக்குவதற்காக வைத்தது. நிரலில் அது வாய்ப்பை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. ஒன்பது ஆண்டு இடைவெளி, வேறு நிறுவனம், வேறு கருவி, அதே மாதிரிப் பிழை. கூட்டலும் கழித்தலும், பெருக்கலும் வகுத்தலும் ஒரே ஒரு ஆணையில் மாறிப்போகிற மொழியில் எழுதினால் இப்படி ஆகத்தான் செய்யும்.

தப்பான இடத்தில் சரியான விடை

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வகை. ஃபைனல் ஃபேண்டஸியில் 40 ஆயுதங்கள். ஒவ்வொன்றுக்கும் பலத்த அடிக்கான வாய்ப்பு எண் ஒன்று தனியாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நிரல் அதைப் படிப்பதில்லை. அதற்குப் பதிலாக அந்த ஆயுதம் பட்டியலில் எத்தனையாவது என்ற வரிசை எண்ணையே வாய்ப்பாக எடுத்துக்கொள்கிறது. முதல் வரியில் இருக்கும் மரக்கட்டை ஆயுதத்துக்கு மிகக் குறைவு. கடைசி வரியில் இருக்கும் மசமுனே வாளுக்கு மிக அதிகம்.

பட்டியல் ஏறக்குறைய எளிய ஆயுதத்திலிருந்து வலிய ஆயுதத்துக்குப் போகிறது. அதனால் விளையாடுகிறவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். "நல்ல வாள், நல்லா வெட்டுது" என்று போய்விடுவார். வடிவமைத்தவர் உட்கார்ந்து போட்ட தனித்தனி எண்கள் கார்ட்ரிட்ஜில் அப்படியே தூங்குகின்றன.

விளையாட்டின் ஹவுஸ் என்ற பொருளும் இந்த இனம்தான். வெளியுலகில் கூடாரம் போல விரித்தால் உடல்நலமும் மந்திரக் கணக்கும் நிரம்பும், ஆட்டமும் சேமிக்கப்படும். ஆனால் சேமிப்பு முதலில் நடக்கிறது, மந்திரம் நிரம்புவது அதற்குப் பிறகு. கருவியை அணைக்காத வரை ஒன்றும் தெரியாது. அணைத்துப் போட்டால் மந்திரக் கணக்கு பழையபடி காலியாக நிற்கும்.

வேண்டுமென்றே பூட்டியது

இங்கே ஒரு எச்சரிக்கை. கோப்புக்குள் பயன்படாமல் கிடப்பதெல்லாம் பிழை என்று முடிவு கட்டக்கூடாது. 2002-ல் வந்த மோரோவிண்ட் விளையாட்டோடு, அதன் தரவைத் திறந்து பார்க்கும் கருவியையும் தயாரிப்பாளர்களே சேர்த்துக் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால், கார்ப்ரஸ் என்ற கொடிய நோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே "குணப்படுத்து", "தடு" என்றெல்லாம் மந்திர விளைவுகள் வரிசையில் நிற்கும். ஆனால் அந்த நோயைக் குணமாக்கும் மந்திரத்தை ஊரில் எந்த வியாபாரியும் விற்பதில்லை. கதையின் ஓட்டத்தில் நாயகனுக்கே அந்த நோய் வரும். அப்போது டிவைத் ஃபிர் என்ற கிழட்டு மந்திரவாதியைத் தேடிப்போய் அவர் தரும் மருந்தைக் குடிக்கவேண்டும். கடைத்தெருவில் அந்த மந்திரம் கிடைத்தால் கதையே படுத்துவிடும்.

ஆக, செய்து முடித்த கதவைப் பூட்டி வைப்பது ஒன்று, கதவென்று நினைத்துச் சுவரில் கைப்பிடி மாட்டுவது இன்னொன்று. தரவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். சுற்றியிருக்கும் கதையையும் நிரலையும் சேர்த்துப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். "இதோ பாருங்கள், வெட்டியெறியப்பட்ட ரகசியம்" என்று ஒரு வரித் தரவைக் காட்டிக் கதை கட்டுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

திருத்தினால் என்ன ஆகும்?

1990-ல் அமெரிக்கப் பதிப்பு வந்தது. மூன்று ஆண்டு கழித்து, மொழி மாற்றி, பெயர் மாற்றி வந்தும் டெம்பர், சேபர், அறிவு எண் எல்லாம் அப்படியேதான். அந்த ஆண்டு அக்டோபரில் நின்டெண்டோ பவர் இதழ் இந்த ஒரு விளையாட்டுக்கென்றே தனி வழிகாட்டி இதழ் போட்டது. காகிதத்தில் எல்லா மந்திரமும் உயிரோடு இருந்தன.

பின்னர் பிளேஸ்டேஷன் 2002, கேம் பாய் அட்வான்ஸ் 2004 என்று மறுபதிப்புகள் வர வர இந்தப் பிழைகள் பெரும்பாலும் சரிசெய்யப்பட்டன. நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 1987-ல் சோதித்துப் பார்த்தவர்கள் விளையாடியது ஊனமான மந்திரங்களோடுதான். இந்த எதிரிக்கு இத்தனை உயிர் போதும், இந்தக் குகை இவ்வளவு கடினம் என்று அவர்கள் தொட்டுப் பார்த்துத் தீர்மானித்தது அந்த நிலையில்தான். இது என் ஊகம், ஆனால் வேறு மாதிரி நடந்திருக்க வழியில்லை. அப்படியென்றால் மந்திரத்தைச் சரிசெய்த விளையாட்டு, வடிவமைப்புத் தாளுக்கு நெருக்கமானது. மக்கள் உண்மையில் விளையாடியதற்கு நெருக்கமானது பழைய கார்ட்ரிட்ஜ்தான்.

அந்த மக்களில் ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். ஒரு நிலைக்கு நான்கு கருப்பு மந்திரம், ஒருவர் கற்க முடிந்தது மூன்று. கற்றதை மறக்க வழியில்லை. டெம்பரை எடுத்தவருக்கு வேறொரு மந்திரம் அந்த ஆட்டம் முழுக்கக் கிடையாது. 45,000 கில் சேர்க்க எத்தனை மாலைப் பொழுது அரக்கர்களை வெட்டியிருப்பார்! சேபர் போட்டபின் அடி பலமாக விழுந்ததாக அவர் நம்பியும் இருப்பார்.

இரண்டாவது ஃபைனல் ஃபேண்டஸியில் இது உச்சத்துக்குப் போகிறது. அல்டிமா என்ற மந்திரத்தின் முத்திரையை உடைக்க மின்வு என்ற பாத்திரம் உயிரையே கொடுக்கிறார். 1988-ல் வந்த மூலப் பதிப்பில், அப்படிக் கிடைத்த அல்டிமா நிரல் கோளாறால் சொத்தையாக இருந்தது. அதை வாங்கியவர் மனத்தில் மின்வுவின் சாவுக்கு என்ன பொருள் ஏற்பட்டிருக்கும் என்பதைத் திருத்திய பதிப்பிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

வேலையில் பழைய தரவுத்தளங்களைத் துருவும்போது, எழுதப்பட்டுக்கொண்டே இருந்தும் ஒருவரும் படிக்காத பத்திகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீக்குவதற்கு முன்னால், அதை நிரப்பிக்கொண்டிருக்கும் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்பது என் வழக்கம். அவருக்கு அது எதற்கோ பயன்படுவதாக நம்பிக்கை இருக்கும். அந்த நம்பிக்கையும் அந்த அமைப்பின் ஒரு பாகம்தான், ஆனால் அதற்குத் தரவுத்தளத்தில் பத்தி கிடையாது.

அதனால் பழைய விளையாட்டுகளைச் சேமித்து வைக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மூலக் கார்ட்ரிட்ஜின் பிரதி, கூடவே வந்த கையேடு, அப்போது விளையாடியவர்களின் நினைவு, இந்த மூன்றையும் சேர்த்தே வையுங்கள். கையேடு மட்டும் இருந்தால் சேபர் ஒரு பெரிய மந்திரம். நிரல் மட்டும் இருந்தால் அது வெறும் பூஜ்யம். 45,000 கில் சேர்த்து அதை வாங்கினவர் ஒருத்தர் இருந்தார் என்பது மூன்றாவதில்தான் இருக்கிறது.