தெள்ளும் உண்ணியும்: இராமநாதபுரம் – இராமேசுவரம் கடற்கரையில் நாய்களின் புற ஒட்டுண்ணி நீக்கத்தில் வீட்டு மருந்தும் வணிக மருந்தும்

ஆய்வுச் சுருக்கம்

நாய்களைப் பற்றும் தெள்ளு, உண்ணி ஆகியவற்றை நீக்கக் கையாளப்படும் மருந்துகளை ‘மரபு சார்ந்த வீட்டு மருந்து’, ‘நவீன வணிக மருந்து’ என இரண்டாகப் பகுப்பது வழக்கம். இப்பகுப்பு வரலாற்று நோக்கில் நிற்பதன்று என இக்கட்டுரை வாதிடுகிறது. இராமநாதபுரம் – இராமேசுவரம் கடற்கரையைக் களமாகக் கொண்டு, வீட்டு மருந்தின் பொருள்கள் பலவும் கடல் வணிகத்தால் வந்தவை என்பதையும், வணிக மருந்துகள் சில தாவரங்களிலிருந்து கிளைத்தவை என்பதையும் எடுத்துக்காட்டுகிறது. இவ்விரண்டையும் மதிப்பிடுவதற்கு உயிரி, இடம், நீர் என்னும் மூன்று அளவுகோல்களை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: தெள்ளு, உண்ணி, நாய், இராமநாதபுரம், மண்டபம் முகாம், வேம்பு, பூச்சிக்கொல்லி, நாட்டுக் கால்நடை மருத்துவம்.

முன்னுரை

தமிழில் நாய்க்கு நெடிய இலக்கிய வரலாறு உண்டு. தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைக்குக் குருளை என்னும் பெயரை வகுத்துரைக்கிறது. ஞமலி, ஞாளி முதலிய சொற்களைச் சங்கப் பாடல்களில் காண்கிறோம். ஆனால் நாயின் நோயும் மருந்தும் நூல் மரபில் அரிதாகவே இடம்பெற்றன. மாட்டுக்கு வாகட நூல்கள் எழுந்தன. ஏட்டிலிருந்து அச்சுக்கும் வந்தன. நாய்க்கான மருந்து பெரும்பாலும் வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் நின்றது. இதனால் இத்துறையில் ஆய்வாளர் கைக்கொள்ளும் சான்றுகள் வழக்குச்சொல், பொருள்களின் வரலாறு, அரசு நடவடிக்கை ஆகியவற்றைச் சார்ந்தே அமைகின்றன. இக்கட்டுரையும் அவ்வழியே செல்கிறது.

பெயரும் உயிரியும்

தெள்ளும் உண்ணியும் ஒன்றல்ல. தெள்ளு ஆறு கால்களும் துள்ளும் இயல்பும் உடைய பூச்சி. உண்ணி எட்டுக் கால்களுடன் தோலில் பற்றி நின்று குருதி குடிக்கும், சிலந்தி இனத்தைச் சார்ந்த உயிரி. ‘உண்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த உண்ணி என்ற பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. பேச்சு வழக்கில் இவ்விரண்டோடு பேனும் சொறிப்பூச்சியும் ஒன்றாகவே எண்ணப்படுவதுண்டு. தாவர மருந்துகளைத் தொகுக்கும் ஆய்வுகளிலும் ‘புற ஒட்டுண்ணிக்கு’ என்ற ஒரே குறிப்பில் இவை அனைத்தும் அடங்கிவிடுகின்றன.

இக்குழப்பம் சிறியதன்று. பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டைகள் வரை இடக்கூடியது. அம்முட்டைகள் நாயின் உடலில் தங்குவதில்லை. அது படுக்குமிடத்தில் உதிர்கின்றன. புழுவும் கூட்டுப்புழுவும் தரையின் தூசியிலும் மணலிலும் வளர்கின்றன. நாயின் மேல் காணப்படும் முதிர்ந்த தெள்ளுகள் மொத்தத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடே எனக் கணக்கிடப்படுகிறது. பழுப்பு நாயுண்ணியோ தன் வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் நாயைவிட்டு இறங்கிச் சுவர் வெடிப்புகளில் தோலுரித்து மீண்டும் ஏறுகிறது. ஆகவே தெள்ளுக்குத் தரையே களம். உண்ணிக்குச் சுவரும் களம். நாயின் உடலில் மட்டும் இடப்படும் மருந்து, வீட்டில் செய்ததாயினும் கடையில் வாங்கியதாயினும், பாதி வேலையே செய்கிறது.

இக்கடற்கரையின் இயற்கையும் தெள்ளுக்கு உகந்தது. தெள்ளுப் புழு வறண்ட காற்றிலும் நேர் வெயிலிலும் மடியும். ஈரக்காற்றும் நிழல் மணலும் இருப்பின் தழைக்கும். உள்நாட்டில் கோடை செய்யும் வேலையைக் கடலோரத்தின் ஈரக்காற்று தடுத்துவிடுகிறது. ஓலைக் கொட்டகையின் நிழல், கரையேற்றிய வள்ளத்தின் அடி, வலைக்குவியல், கருவாடு காயும் களத்தின் ஓரம் ஆகியன நாய் விரும்பிப் படுக்கும் இடங்கள். தெள்ளு பெருகும் இடங்களும் அவையே.

தெள்ளு அரசின் பொருளான காலம்

இப்பகுதியில் தெள்ளு ஆட்சியாளரின் கவலைக்கு உரியதாக மாறிய காலம் ஒன்று உண்டு. 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. 1898இல் பால் லூயி சிமோன் கராச்சியில் நிகழ்த்திய சோதனையின் வழியே எலித்தெள்ளே அந்நோயைக் கடத்துவது என முன்மொழிந்தார். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் இணைப்பு உருவானது. அதே ஆண்டில் கொழும்பில் முதன்முறையாகக் கொள்ளைநோய் தோன்றியது. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தமிழ்த் தொழிலாளர் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டே கடல் கடந்தனர். கொள்ளைநோய், வாந்திபேதி, பெரியம்மை ஆகியவற்றைத் தடுப்பது அதன் நோக்கம். பிற்காலத்தில் ஈழத்து அகதிகளின் முகாமாக அறியப்பட்ட இடம் அதுவே.

கொழும்பு மாநகர நுண்ணுயிரியலாளரான ஃபேபியன் ஹர்ஸ்ட், எலித்தெள்ளுகளில் இனவேறுபாடு உண்டு என்பதை வலியுறுத்தினார். ‘கியோப்பிஸ்’ என்னும் இனம் நோயை எளிதில் கடத்துவது. சென்னையிலும் கொழும்பிலும் மிகுதியாகக் காணப்பட்ட ‘ஆஸ்டியா’ இனமோ அத்துணை வலிமையற்றது. வட இந்தியாவைவிடத் தென்கடற்கரையில் நோய் தணிந்திருந்ததற்கு இதனை ஒரு காரணமாக அவர் கண்டார். தெள்ளினம் எது என்று கேட்பதன் பயனுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அரசின் கண் எலித்தெள்ளின் மேலும் தொழிலாளர் உடலின் மேலும் மட்டுமே இருந்தது. நாயின் தெள்ளு வீட்டுக்கு விடப்பட்டது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கப்பட்டபோதும் குதிரையும் மாடுமே அக்காலக் கால்நடை மருத்துவத்தின் முதன்மைப் பொருள்கள். ‘வீட்டு மருந்து’ என்னும் வகைமை மரபின் தொடர்ச்சியால் மட்டும் நிலைக்கவில்லை. அரசு மருத்துவத்தின் புறக்கணிப்பாலும் நிலைத்தது.

வீட்டு மருந்தின் வரலாறு

இன்று வீட்டு மருந்தாகச் சொல்லப்படுவனவற்றை மூன்று அடுக்குகளாகக் காணலாம். முதலாவது, இந்நிலத்துக்கு நெடுங்காலம் உரிய வேம்பு, புங்கு, நொச்சி, துளசி, மஞ்சள், வசம்பு முதலியன. இரண்டாவது, கடல் வணிகத்தால் வந்தவை. புகையிலை, சீத்தா, உண்ணிச்செடி ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டத்துத் தாவரங்கள். முதல் இரண்டும் போர்த்துக்கீசியர் தொடர்பால் பரவின. உண்ணிச்செடி 19ஆம் நூற்றாண்டில் அழகுச்செடியாகக் கொண்டுவரப்பட்டுக் களையாயிற்று. தன் பெயரிலேயே உண்ணியைத் தாங்கும் இச்செடி தொன்மரபின் சின்னமாகத் தோன்றினும், இம்மண்ணுக்கு வந்து இரண்டு நூற்றாண்டே ஆகிறது. மூன்றாவது, மண்ணெண்ணெய், சூடம், பினாயில், பாச்சை உருண்டை போன்ற கடைப்பொருள்கள்.

இவற்றின் செயலும் ஒருபடித்தன்று. வேப்பெண்ணெய் பூச்சியை அண்டவிடாது, அதன் வளர்ச்சியைக் குலைக்கும், உடனே கொல்லாது. சீத்தா விதைப்பொடி வலிய பூச்சிக்கொல்லி. கண்ணில் பட்டால் விழிப்படலத்தைப் புண்ணாக்கும். புகையிலை நீரின் நிக்கோட்டின் தெள்ளைக் கொல்லும். நக்கும் நாயையும் கொல்லக்கூடும். மண்ணெண்ணெய் தோலை வேகச்செய்யும். ‘இயற்கை’, ‘வீட்டுப்பொருள்’ என்ற அடைகள் பாதுகாப்புக்கு உறுதி அளிப்பன அல்ல.

மருந்தென எண்ணப்படாத சில பழக்கங்களே மிகுந்த பயனுடையவை. படுக்கும் சாக்கை வெயிலில் உலர்த்துதல், மணலைக் கூட்டி அள்ளி மாற்றுதல், தரையை மெழுகி வெடிப்பை அடைத்தல், உண்ணியைக் கையால் பிடுங்குதல் ஆகியன தெள்ளும் உண்ணியும் வளரும் களத்தையே தாக்குகின்றன. இவற்றுக்குப் பெயரோ செய்முறைக் குறிப்போ இல்லாமையால் மருந்துத் தொகுப்புகளில் இவை விடுபட்டுப் போகின்றன.

வணிக மருந்தின் வரலாறு

டிடிடியின் பூச்சிக்கொல்லும் ஆற்றல் 1939இல் பால் முல்லரால் கண்டறியப்பட்டது. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் அதனை வீட்டுச் சுவர்களுக்குக் கொண்டுவந்தது. கமாக்சின் எனப்பட்ட பிஎச்சி பொடி உழவர் வீடுகளில் இடம்பிடித்தது. வயலுக்கு வாங்கிய பொடி நாய்க்கும் தூவப்படும் பொருளாயிற்று. பிஎச்சி 1997இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அடுத்து வந்த கார்பரில், பயிருக்கும் நாய்க்கும் பயன்பட்ட தூள். 1984 திசம்பரில் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டு இதனைச் செய்வதற்கான மூலப்பொருள். அப்பேரழிவுக்குப் பின்னரும் 2018 வரை கார்பரில் இந்தியாவில் தடைசெய்யப்படவில்லை.

செவ்வந்திக் குடும்பப் பூவொன்றிலிருந்து பெறப்பட்ட பைரித்ரம் என்னும் பொருளை ஒத்துச் செயற்கையாக உருவாக்கப்பட்டவையே பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் முதலியன. நாய்க்குரிய பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு நஞ்சாகும். 1990களில் பிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் என்னும் முதுகில் விடும் சொட்டு மருந்துகள் வந்தன. 2013க்குப் பின் ஐசாக்சசோலின் வகை வாய்வழி மாத்திரைகள் வந்தன. ஒரு மாத்திரை ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை பயன்தரும். இவ்வகையால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் ஏற்படக்கூடும் என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2018இல் எச்சரித்தது. எனினும் தெள்ளைக் கொல்லும் திறத்தில் வீட்டு மருந்து எதுவும் இவற்றுக்கு நிகரில்லை என்பதை ஒப்பவே வேண்டும்.

எல்லைக்கோடு எங்கே?

வேம்பின் வரலாறு இரு வகைமைகளுக்கும் இடையிலான கோட்டை அழித்துவிடுகிறது. வேம்பின் முதன்மைச் செயற்பொருளான அசாடிராக்டின் 1968இல் பிரித்தெடுக்கப்பட்டது. வேப்பெண்ணெயால் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு 1994இல் ஐரோப்பாவில் வழங்கப்பட்ட காப்புரிமை 2000இல் நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியாயிற்று. முற்றத்து மரத்தின் எண்ணெய் அயல்நாட்டுக் காப்புரிமைப் பொருளாகி மீண்ட கதை இது.

எதிர்த்திசை இயக்கமும் உண்டு. கால்நடை உண்ணிக்கு நாட்டு மருத்துவத் துறையினர் வகுத்து, தேசியப் பால்வள வாரியம் பரப்பிவரும் கலவையில் பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி சேரும். அரைத்து 1 லிட்டர் நீரில் கலந்து வடிகட்டித் தெளிக்கப்படும். வாய்மொழி இங்கே அளவும் வாய்பாடும் பெற்றுவிட்டது. ஆனால் இது மாட்டுக்கு வகுத்தது. நாய் தன் உடலை ஓயாது நக்குவது. பூண்டு அதன் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. எவ்விலங்குக்கு என்ற குறிப்பு நீங்கிய நிலையில் இக்கலவை பரவுமாயின், நன்மை கருதிய பதிவே தீங்காக முடியும்.

இக்கடற்கரைக்குச் சிறப்பாக உரிய அளவுகோல் நீர். மருந்துச் சவர்க்காரமும் குளியல் மருந்தும் ஏராளமான நன்னீரை முன்னிறுத்திச் செய்யப்பட்டவை. குடிநீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கிய இராமநாதபுரத்தின் வறண்ட ஊர்களில் நாய்க்கென நன்னீர் செலவிடுதல் எளிதன்று. நாயைக் கடலில் இறக்கிக் குளிப்பாட்டினால் தெள்ளுகள் சில நீங்கும். உப்பைக் கழுவ நன்னீர் இன்றேல் தோல் வறண்டு அரிப்பு மிகும். எனவே எண்ணெய் பூசுதலையும் மணல் மாற்றுதலையும் அறியாமையின் எச்சம் என்று கொள்ளாமல், நீரற்ற நிலத்தின் தேர்வு என்று கொள்வதே பொருந்தும்.

முடிவுரை

வீட்டு மருந்து என்பது காலந்தோறும் கைக்கெட்டிய பொருள்களால் மாறிவந்த ஒன்று. வணிக மருந்து அதன் நேர் எதிர்ப்பொருள் அன்று. இரண்டிலும் பயனும் நஞ்சும் உண்டு. வீட்டு மருந்தைப் பதிவுசெய்யும் ஆய்வாளர் எந்த உயிரிக்கு, எந்த விலங்குக்கு, உடலிலா தரையிலா சுவரிலா, எவ்வளவு நீருடன் என்பவற்றைச் சேர்த்தே பதிதல் வேண்டும். தாவரப் பெயர்ப்பட்டியல் மட்டும் தரும் தொகுப்பு, மரபறிவின் பயனுடைய பகுதியைக் கைவிட்டு, இடர் மிகுந்த பகுதியைக் காத்துவைப்பதாக முடியும். வாய்பேசா உயிரின் தோலில்தான் அப்பிழை சோதிக்கப்படுகிறது என்பதை ஆய்வுலகம் மறத்தலாகாது.