பிளவுப்பெயர்ச்சியும் நிலத்தடி நீரோட்ட மாதிரியும்

நிலத்தடிப் பாறை முறிந்து, ஒரு பக்கம் இறங்கியோ ஏறியோ போயிருந்தால் அது பிளவுப்பெயர்ச்சி. நீருக்கு அது அணையாகலாம், வாய்க்காலும் ஆகலாம். மணலுக்கு எதிரே களிமண் அடுக்கு வந்து நின்றாலும், நகர்வில் அரைபட்ட களிமண் முறிவை அடைத்தாலும் நீர் தடைபடும். கடினப் பாறை நொறுங்கிய இடத்திலோ வெடிப்புகள் வழியே ஓடும்.

1856-இல் பிரான்சின் டிஷோன் நகரில் மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி டார்சி கண்ட நீரோட்ட விதியே எல்லாக் கணக்குக்கும் அடி. 1935-இல் தைஸ், இறைக்கும் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் காலப்போக்கில் இறங்குவதைச் சமன்பாடாக்கினார். அவர் எடுத்துக்கொண்டது எல்லையே இல்லாத நீர்த்தாங்கி. முறிவு அருகிலிருந்தால் கணக்கு மாறும். நீரிறைப்புச் சோதனையில், மட்டம் இறங்குவதை மடக்கை அளவிலான நேரத்துக்கு எதிரே குறித்தால் நேர்கோடு வரும். இறைப்பின் தாக்கம் நீர்விடா முறிவை எட்டியதும் அக்கோட்டின் சரிவு ஏறத்தாழ இரட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாத சுவரைக் காகிதத்தில் காட்டும் அந்த வளைவு எனக்கு இன்றும் வியப்பு. கணக்கில், முறிவுக்கு அப்பால் அதே தொலைவில் இன்னொரு கிணறும் இறைப்பதாக வைத்துக்கொள்வார்கள்.

1984-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் நிலத்தடி நீரோட்ட மென்பொருளான மாட்ஃப்ளோ வந்தது. கட்டங்களுக்கு இடையே மெல்லிய தடையை வைக்கும் வசதி 1993-இல் அதில் சேர்ந்தது. முறிவுக்குள் எவ்வளவு களிமண் அரைபட்டிருக்கும் என்று கணிக்கும் ஷேல் (களிப்பாறை) விகிதத்தை 1997-இல் எண்ணெய்த் துறை ஆய்வாளர்கள் முன்வைத்தனர்.

இந்தக் கேள்வி சென்னைக்கு அருகேயும் எழுகிறது. ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையே ரயில் பாதையில் உள்ள வேப்பம்பட்டுக்கு வடக்கே கொசஸ்தலையாறு. ஆவடி, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கோண்டுவானாக் காலக் களிமண்ணும் ஷேலும் கிடக்கின்றன. வடக்கே ஆற்று வண்டல். 1966–69-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் செய்த ஆய்வைத் தொடர்ந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களிலிருந்து சென்னைக்கு நீர் வந்தது. இறைப்பு மிஞ்சியது. மீஞ்சூர்ப் பக்கம் 1969-இல் கடலிலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே நின்ற உப்புநீர், 1980-களில் 9 கிலோமீட்டர் வந்துவிட்டது. 1987-இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டம் பிறந்தது.

பின்னாளில் அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகைக்கு முடிவுறு கூறு முறையில் மாதிரி அமைத்தனர். அம்முறையின் முக்கோண வலை ஆற்றின் வளைவோடும் கடலோரத்தோடும் ஒட்டிச் செல்லும். முறிவுக் கோட்டோடும் அப்படியே செல்லும். வண்டலில் கடலும் ஆறும் எல்லையாக நிற்கின்றன. அதற்குத் தெற்கே ஷேலும் கடினப் பாறையும் சந்திக்கும் நிலத்தில், முறிவு எங்கே ஓடுகிறது, அணையா வாய்க்காலா என்று தெரியாமல் வலை பின்னினால் கணினி தரும் எண் அழகாக இருக்கும், கிணற்றோடு பொருந்தாது. அங்கே முதல் செலவு மென்பொருளுக்கு அல்ல. முறிவின் இரு பக்கமும் ஒவ்வொரு கண்காணிப்புக் கிணறு தோண்டி, ஒன்றில் இறைத்தால் மற்றதில் மட்டம் அசைகிறதா என்று பார்ப்பதற்குத்தான்.